பால் சேராத மாத்திரை

நாணல் வெட்டு முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. அதற்குப் பிறகு பறவைகள் கூடு கட்ட வந்துவிடும். அரிவாளோடு யாரும் சதுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். பிப்ரவரியில் அடித்தது போலவே மறுபடி ஒரு வாரமாகக் கடல் பக்கமிருந்து கிழக்குக் காற்று நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று அடித்தால் கால்வாயில் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் நாணலின் அடி முங்கிப்போகும், முன்னைவிடக் குனிந்து வெட்ட வேண்டும். ருமேனியக் கழிமுகத்தில், ரஷ்யப் பூர்வீகக்காரர்களான எங்கள் ஊர் குரிலோவ்காவில் அந்த வாரம் முதுகு வலிக்காத ஆம்பளை ஒருவரும் இல்லை. எல்லாரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். படகுக்கு ஓட்டம், கட்டு ஏற்ற ஓட்டம். ஈஸ்டர் நோன்பின் நான்காவது வாரம் வேறு. பாலும் முட்டையும் மீனும் இல்லாமல், சில நாள் எண்ணெய்கூட இல்லாமல், அவித்த அவரையும் ஊறுகாய்க் கோசும் தின்றுவிட்டு ஓடினார்கள்.

புதன்கிழமை விடியும் நேரத்தில் சவேலி ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பாதத்திலிருந்து மார்பு வரை ஒரே துண்டாக வரும் உடுப்பு அது. தோளில் இரண்டு பட்டை, இடுப்பில் ஒரு வார், அதற்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் மழைச்சட்டை. ஐம்பத்தாறு வயது. தாடி இன்னும் முழுக்க நரைக்கவில்லை. அவர் மனைவி உலியானா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தின்னுட்டுப் போ.”

“தின்னுட்டேனே.”

“ரொட்டியச் சொல்லல.”

சவேலி ஜன்னலோரம் இருந்த அல்வா டப்பாவைப் பார்க்கவில்லை. அதை நோன்புக்காக வாங்கியது போன வருஷம். அல்வா தீர்ந்த பிறகு அதில் மாத்திரைகள் குடியேறியிருந்தன.

“ஈஸ்டர் வரட்டும்,” என்றார்.

“ஈஸ்டருக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு.”

“எனக்கு எண்ணத் தெரியும்.”

“தெரியும். உங்க அண்ணனுக்கும்தான் எண்ணத் தெரிஞ்சிருந்துச்சு.”

சவேலி வாரை ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டு வெளியே போனார். படகு எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டு, கால்வாய் வளைவில் மறைகிற வரைக்கும் உலியானா காத்திருந்தாள். பிறகு டப்பாவைத் திறந்து எண்ணினாள். முதல் அட்டையில் ஏழு ஓட்டை, மூன்று மாத்திரை. இன்னும் இரண்டு அட்டை பிரிக்காமல் இருந்தன. இருபத்து மூன்று. இருபத்து நாலு நாளாக அதே இருபத்து மூன்று.

எல்லாம் அந்தத் தாளைப் படித்ததால் வந்தது.

மூன்று வருஷமாகச் சவேலிக்கு ரத்தக்கொதிப்பு. ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சின்ன உருண்டை என்று மூன்று மாத்திரை தின்றுகொண்டிருந்தார். ஒன்று இருக்கும், ஒன்று தீர்ந்திருக்கும். படகு வந்தால்தான் மருந்து. பிப்ரவரியில் துல்சியா நகரத்துக்குப் போனபோது டாக்டரம்மா மூன்றையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை எழுதிக் கொடுத்தார். “மூணும் இதுக்குள்ளேயே இருக்கு. தினம் ஒண்ணு, ஒரே நேரத்துல. பழைய மாத்திரை வீட்டுல இருந்தா வச்சிருக்காதீங்க, திருப்பிக் குடுத்துடுங்க. ரெண்டையும் சேத்துத் தின்னா ஆபத்து. உள்ள ஒரு தாள் இருக்கும், படிச்சுப் பாருங்க,” என்றார்.

யாரும் அந்தத் தாளைப் படிப்பதில்லை. ஆனால் சவேலி கோவிலில் வாசகர். முப்பது வருஷமாகப் பாடகர் மேடையில் நின்று திருநூலைப் படிக்கிறவர். எழுத்து என்று ஒன்று கையில் கிடைத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தே ஆக வேண்டும் அவருக்கு. அன்றைக்கும் மேஜையில் தாளை விரித்து, கண்ணாடி மாட்டி, கோவில் ராகத்திலேயே ஆரம்பித்தார். வறட்டு இருமல் வரலாம். கணுக்கால் வீங்கலாம். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். உலியானா மாவு பிசைந்துகொண்டே, “ஆமென் சொல்லவா?” என்று கேட்டாள்.

“சும்மா இரு. இன்னும் ஒரு பக்கம் இருக்கு.”

அந்தக் கடைசிப் பக்கத்தில்தான், மாத்திரையில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலில், அவர் குரல் நின்றது. லாக்டோஸ் என்று இருந்தது. ருமேனிய மொழியில் பாலுக்கு உள்ள சொல் அந்தச் சொல்லின் வயிற்றுக்குள் இருப்பது போலத் தோன்றியது அவருக்கு. மறுநாள் மருந்துக் கடைக்கே போன் போட்டுக் கேட்டார்.

“ஆமாங்க, பால்லருந்து எடுக்கற சர்க்கரை. துளியூண்டு. உங்களுக்குப் பால் ஒத்துக்காதா?”

“எனக்கு ஒத்துக்கும். நோன்புக்கு ஒத்துக்காது,” என்றார் சவேலி.

பழைய மாத்திரைகளிலும் அது இருந்திருக்கலாம். அவற்றின் தாளை அவர் படித்ததில்லை. நோன்பு தொடங்கிய திங்கட்கிழமை காலையில் அட்டையை டப்பாவில் வைத்து மூடினார். டாக்டரம்மா திருப்பிக் கொடுக்கச் சொன்ன பழைய அட்டைகளும் அதே டப்பாவில்தான் கிடந்தன. மருந்தை வெளியே போட அவருக்குக் கை வராது.

உலியானா பாதிரியாரிடம் கேட்கச் சொன்னாள். பாதிரியார் மூன்று ஊருக்குப் பொது. சனி சாயங்காலம்தான் வருவார். “நோயாளிக்கு நோன்புல விலக்கு உண்டு, அவரே சொல்வாரு” என்றாள். சவேலி ஒத்துக்கொள்ளவில்லை. “நான் நோயாளின்னு அவருகிட்டப் போய் நிக்கணுமா? நாளைக்கு மேடையில எவன் நிப்பான், மித்ரோஃபானா? அவன் ‘கர்த்தர்’னு படிக்கறதுக்குள்ள ஜனங்க வீட்டுக்குப் போயிடும்” என்று சிரித்தார். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றும் சொன்னார். அது உண்மைதான். கொதிப்பு ஏறியிருந்தால் அவருக்குத் தெரியாது, ஏறாமலிருந்தாலும் தெரியாது. உலியானாவுக்குத்தான் இரண்டிலும் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சவேலியின் அண்ணன் லுக்கியான் வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலையை இறக்கிக்கொண்டிருந்தபோது லுக்கியான் அப்படியே சாய்ந்தவர். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் ஏன் தங்கியது என்று யாருக்கும் தெரியாது. பசித்தால், கோபம் வந்தால், சூப்பு சுட்டால், நாய் குரைத்தால், அவர் சொல்வது ஒன்றேதான்.

“நாளைக்கு.”

அவர் மனைவி தெக்லா அதற்குச் சளைக்காமல் பதில் சொல்வாள். “நாளைக்கு இல்ல, இன்னைக்கே துவைச்சாகணும், கையத் தூக்கு” என்பாள். வியாழன்தோறும் உலியானா வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கழுவி, சட்டை மாற்றி, இடுப்புக் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். இத்தனை நாளில் உலியானா அந்தச் சொல்லுக்கு ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை. என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்ததில்லை.

“சவேலி தின்னுறாரா?” என்று தெக்லா கேட்டாள்.

“இல்ல அண்ணி.”

“எங்க ஆளும் இப்படித்தான். ‘ஒண்ணும் செய்யல, ஒண்ணும் செய்யல’ன்னே இருந்தாரு.” தெக்லா ஏப்ரன் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். உள்ளே பஞ்சில் இரண்டு மாத்திரை. “இத எப்பவும் வச்சிருக்கேன். நாக்குக்கு அடியில வச்சா கொதிப்ப நிமிஷத்துல எறக்கிடும். சுலினாவுல இருக்கற என் சித்தி பொண்ணு குடுத்தா. அன்னைக்கு மட்டும் இது என் கையில இருந்திருந்தா…”

“நாளைக்கு,” என்றார் லுக்கியான்.

“ஆமா, நாளைக்கு,” என்று அவர் வாயைத் துடைத்துவிட்டாள் தெக்லா. “உனக்கு வேணும்னா ஓடி வா உலியானா. கூச்சப்படாத.”

வெள்ளிக்கிழமை உலியானா நர்ஸுக்குப் போன் பண்ணினாள். பரஸ்கேவா சிஸ்டர் நாலு ஊரைப் படகில் சுற்றுகிறவர், சத்தமாகப் பேசுகிறவர்.

“பால் இல்லாத கம்பெனி மாத்திரையும் இருக்கும்மா. மருந்து அதேதான், மேல சேக்கற மாவுதான் வேற. டாக்டர்கிட்டச் சொல்லி எழுதி வாங்கணும். செவ்வாக்கிழமைப் படகுல வரும். இதக் கேக்க உங்களுக்கு நாலு வாரமா?”

“அவரு கேக்க விடல சிஸ்டர்.”

“சனிக்கிழமை மத்தியானம் வர்றேன். ஆள வீட்டுல பிடிச்சு வையுங்க.”

சனிக்கிழமை அரை நாள் வேலை. சாயங்காலம் கோவில், அதற்கு முன் நீராவிக் குளியல். எல்லா வீட்டுக் கொல்லையிலும் குளியல் கொட்டகைப் புகை எழும். சவேலி ஈர உடுப்போடு வந்து இறங்கியதும் சிஸ்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது என்றார். சவேலிக்கு அஞ்சு நிமிஷம் பேசாமலிருப்பது நாணல் வெட்டுவதைவிடக் கஷ்டம். சிஸ்டர் கொதிப்பு அளக்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக் காற்றடித்தார். மறுபடி ஒரு முறை அடித்தார்.

“எவ்ளோ?” என்றாள் உலியானா.

“இருநூத்தஞ்சு. கீழ நூத்துப் பதினஞ்சு.” சிஸ்டர் இப்போது சத்தமாகப் பேசவில்லை. “தலை வலிக்குதா? கண்ணு மங்கலா? மாரு அடைக்குதா?”

“ஒண்ணும் இல்ல.”

“கையத் தூக்குங்க. ரெண்டையும். சிரிங்க.”

“சிரிக்கற மாதிரியா இருக்கு?”

“சிரிங்கன்னேன்ல.”

சவேலி சிரித்தார். வாய் கோணவில்லை. சிஸ்டர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஜன்னலோரம் நின்று பழைய சத்தத்திலேயே ஐந்தாறு நிமிஷம் பேசிவிட்டு வந்தார்.

“இப்பவே ஒண்ணு போடுங்க. ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் காலையில திரும்ப ஒண்ணு. திங்கக்கிழமை நான் வந்து பாக்கறேன். விட்டுப்போனதுக்குச் சேத்துப் போடக் கூடாது. காதுல விழுந்துச்சா? நடுவுல தலைவலியோ மரத்துப்போறதோ வந்தா உடனே எனக்கு அடிங்க. பாலுக்கு நான் பாவம் சுமக்கறேன், செவ்வாக்கிழமை வரைக்கும்.” உலியானாவிடம் திரும்பினார். “கோசத் தண்ணியில அலசிப் போடுங்க. உப்புலயே ஊறிக் கெடக்கு.”

“அலசித்தான் போடறேன். ஈரச் செருப்பத் தின்னுற மாதிரி இருக்குங்கறாரு.”

அடுத்த ஊரில் பிரசவம் ஆன பெண் ஒருத்தி காத்திருந்தாள். சிஸ்டர் படகேறிப் போனார். உலியானா ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, குளியல் கொட்டகைக்கு விறகு பார்க்கப் போனாள். பல நாளுக்குப் பிறகு அவள் மூச்சு இழுத்து விட்டாள்.

சவேலி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். இருநூத்தஞ்சு. அண்ணன் விழுந்த அன்று படகு ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்ன எண் இருநூத்திப் பத்து. அதை ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரிச் செபத்தோடு இத்தனை வணக்கம் என்று கணக்கு இருக்கிறது. குனிந்து தரையைத் தொட்டு எழ வேண்டும். தோல் செபமாலையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போடுவார்கள். நாணல் காலத்தில் ஆண்கள் பாதிச் சாப்பாட்டிலேயே தூங்கிவிடுவார்கள். அப்படி விட்டுப்போனதை மறந்துவிட முடியாது. சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ உட்கார்ந்து, விட்ட அத்தனையையும் சேர்த்துப் போட்டுவிட வேண்டும். சவேலி சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்.

கொட்டகையில் மித்ரோஃபான் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். அவனும் நாணல் வெட்டுகிறவன், சவேலியின் படகுத் தோழன். கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற நீராவி கூரையை முட்டியது. ஓக் இலைக் கொத்தால் ஒருவர் முதுகை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் கழித்து, “போதும், வெளிய போலாம்” என்று சவேலி எழுந்தார். எழுந்தவர் வாசல் நிலையைப் பிடித்தார். கை நழுவி, முன்னறையில் மண்டிபோட்டு, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

மித்ரோஃபானின் அலறலில் உலியானா விறகை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். சவேலியின் முகம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. கண் மேலே போய்க்கொண்டிருந்தது. உலியானாவுக்கு ஒரு கணம் காதில் கேட்டது அந்த ஒற்றைச் சொல்தான். லுக்கியான் சொல்கிற சொல். அப்படிக் கேட்டதா, அவளே நினைத்துக்கொண்டாளா, தெரியாது.

“போன் எங்க?” என்றான் மித்ரோஃபான்.

போன் வீட்டில், ஜன்னலோரம். அவள் கொல்லை முழுக்கச் சேறு தெறிக்க ஓடினாள். போனை எடுத்த கை அங்கேயே நின்றது. அல்வா டப்பா திறந்து கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் ஒன்றை எடுத்துக் கொடுத்தபோது முதல் அட்டையில் இரண்டு மிச்சம் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை. பத்தும் ஓட்டை. பக்கத்தில் பழைய மஞ்சள் மாத்திரையின் அட்டை. அதிலும் இரண்டு ஓட்டை புதிதாக, வெள்ளித் தாள் கிழிந்த விளிம்பு இன்னும் நிமிர்ந்து நின்றது.

திரும்ப ஓடி வந்தபோது தெக்லா அங்கே இருந்தாள். வேலியைத் தாண்டியே வந்திருக்க வேண்டும், பாவாடை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. சவேலியின் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தாள். தீப்பெட்டி திறந்திருந்தது. விரலிடுக்கில் மாத்திரை.

“வாயத் தெற சாமி, வாயத் தெற… மித்ரோஃபான், தாடையப் பிடி.”

“அண்ணி, வேணாம்.”

“வேணாமா? லுக்கியான் இப்படித்தான் விழுந்தாரு. இதே நெறம். இதே மாதிரிக் குழறல். நான்தான பாத்தேன்.”

“இது அது இல்ல.”

“உனக்கென்ன தெரியும்? இருநூத்தஞ்சுன்னு நர்ஸு போன்ல சொன்னது வீதி பூரா கேட்டுச்சு. விடு கைய.”

உலியானா விடவில்லை. தெக்லா பெரிய உடம்புக்காரி. இரண்டு வருஷமாக ஓர் ஆணைத் தூக்கித் தூக்கி வைரமேறிய கை. இரண்டு பெண்களும் ஈரத் தரையில் முழங்காலிட்டு ஒரு மாத்திரைக்காக மல்லுக்கட்டினார்கள்.

“அண்ணி, கேளு. இது கொதிப்பு ஏறி விழுந்தது இல்ல, எறங்கி விழுந்தது. நான் ஒண்ணு குடுத்தேன். அதுக்கு மேல ரெண்டு தின்னிருக்கு, பழசுலயும் ரெண்டு தின்னிருக்கு. தின்னுட்டு வந்து நீராவியில உக்காந்திருக்கு. இதையும் போட்டா மனுசன் மிஞ்ச மாட்டான்.”

“தின்னத நீ பாத்தியா?”

“ஓட்டையப் பாத்தேன். இருபத்தேழு நாளா அத மட்டும்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

தெக்லாவின் கை தளர்ந்தது. மாத்திரை தரையில் விழுந்து ஈரத்தில் ஊறியது.

போனில் பரஸ்கேவா சிஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எத்தனை?” உலியானா சொன்னாள். “சூட்டுலருந்து வெளிய தூக்குங்க. மல்லாக்கப் படுக்க வைங்க, தலையணை வேணாம். காலு ஒசரமா இருக்கணும். வாயில ஒண்ணும் போடாதீங்க, தண்ணிகூட வேணாம், புரையேறும். மயங்கி வாந்தி வந்தா ஒருக்களிச்சு விடுங்க. யாராச்சும் வோட்கா தேய்க்க வந்தா வெளிய அனுப்புங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன், போன வச்சுடாதீங்க.”

மித்ரோஃபான் கையிலிருந்த குப்பியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். பிறகு வெளியே போய், அன்று காலையில் வெட்டிய நாணல் கட்டு ஒன்றைத் தூக்கி வந்தான். சவேலியின் இரண்டு குதிகாலையும் அதன் மேல் தூக்கி வைத்தார்கள். கம்பளியால் போர்த்தினார்கள். பத்து நிமிஷத்தில் முகத்தில் லேசாக ரத்தம் வந்தது. கண் திறந்தார்.

“கோவிலுக்கு மணி அடிச்சாச்சா?” என்றார். வார்த்தை தெளிவாக இருந்தது.

உலியானா அவர் தாடியில் ஒட்டியிருந்த ஓக் இலையை எடுத்துப் போட்டாள். தெக்லா மூலையில் உட்கார்ந்திருந்தாள். “நான் கொன்னுருப்பேன்,” என்றாள், யாரையும் பார்க்காமல். “நல்லதுன்னு நெனச்சுக் கொன்னுருப்பேன்.”

படகு ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆனது. அவர்கள் அளந்தபோது மேல் எண் எழுபத்தெட்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். சொட்டு ஏற்றினார்கள், சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறதா என்று தினமும் ரத்தம் எடுத்தார்கள். தப்பித்தது. அந்தச் சனிக்கிழமை மேடையில் மித்ரோஃபான் படித்தான். ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்லி அனுப்பினான்.

வியாழக்கிழமை மத்தியானம் சவேலி வீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். வெட்டு முடிய மூன்று நாள் இருந்தது. அவரைப் போகக் கூடாது என்றுவிட்டார்கள்; கடைசி நாளுக்காவது நழுவிப் போய்விடலாம் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே படகுகள் கட்டு ஏற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டு தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தார். எதிரில் புதுப் பெட்டி. பால் சேராதது. அல்வா டப்பாவில் இருந்த பழைய அட்டைகளையெல்லாம் பரஸ்கேவா சிஸ்டர் ஒரு பையில் கொட்டிக்கொண்டு போயிருந்தார், முதுகு வலி மாத்திரை உட்பட. அதைக் கொதிப்பு மாத்திரையோடு தின்றால் சிறுநீரகத்துக்கு ஆகாது, கேட்காமல் தொடாதே என்று சொல்லிவிட்டு.

“எதுக்கு அத்தன தின்ன?” உலியானா அந்தக் கேள்வியை ஐந்து நாள் சேர்த்து வைத்திருந்தாள்.

“விட்டதச் சேத்துப் போடறதுதான் நமக்குத் தெரிஞ்சது.” சவேலி தாடியைத் தடவினார். “இருபத்தேழையும் போடக் கூடாதுன்னு எனக்கே தெரியும். நீ குடுத்தது ஒண்ணு, அட்டையில இருந்தது ரெண்டு. மூணு. திரித்துவம்னு நெனச்சேன்.”

“பழசு ரெண்டு?”

“அது… கூடமாட இருக்கட்டுமேன்னு.”

“சிஸ்டர் ஒண்ணுன்னு சொன்னாங்கல்ல.”

“சொன்னாங்க. எனக்கு லுக்கியானோட முகம்தான் முன்னால வந்துச்சு.”

உலியானா பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். “சரி. இதுல பால் இல்ல. தாளப் படிச்சாச்சா?”

“படிச்சேன்.”

“இனி காலையில எழுந்ததும் தின்னுடுவ.”

சவேலி பெட்டியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

“வெட்டு முடியட்டும்,” என்றார்.

உலியானா மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். “பால் இல்லன்னு சொல்றேன். நோன்புக்கு ஒண்ணும் ஆகாது. இன்னும் என்ன?”

“ஒண்ணும் இல்ல.”

“சவேலி.”

“சும்மா இரு.”

“முப்பத்து மூணு வருஷம் உன்கூட இருந்திருக்கேன். உன் மூஞ்சி பொய் சொல்றது எனக்குத் தெரியும். அது பாலே இல்ல, இல்லையா?”

சவேலியின் காது சிவந்தது. மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அதுல தண்ணி எறக்கற மருந்து இருக்கு, முன்ன அந்த உருண்டை பாதி நாள் கையில இருக்காது. காலையில தின்னா பத்து மணி வரைக்கும் நிக்காது. நான் மாருக்கு மேல ரப்பரப் போட்டுக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நிக்கறேன். மழைச்சட்டையக் கழட்டணும். கம்பளியக் கழட்டணும். வாரு, ரெண்டு பட்டை. அதுக்கு முன்னால கரையேறணும். கரை எங்க இருக்கு, அங்க? பல்லு கிட்டற காத்துல எல்லாத்தையும் அவுத்து, மாட்டி, திரும்ப எறங்கறதுக்குள்ள இன்னொரு தடவ முட்டும். ஏழு நாள் பாத்தேன். எட்டு எட்டு தடவ. மித்ரோஃபான் என்ன சொன்னான் தெரியுமா? ‘தண்ணி ஏன் ஏறுதுன்னு ஊரே கிழக்குக் காத்தத் திட்டுது, பாவம் காத்து’ன்னான். படகு பூரா சிரிச்சானுங்க.”

உலியானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சவேலியும் ஓரமாகச் சிரித்தார். பிறகு அவள் ஏப்ரனை எடுத்தபோது முகம் வேறாக இருந்தது.

“அதுக்கா கடவுளச் சாக்கு சொன்ன?”

சவேலி புதுப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

“இருபத்தேழு நாள். தெனமும் நீ படகேறிப் போனதும் எண்ணுவேன். எஞ்சின் சத்தம் சீக்கிரமாத் திரும்பி வந்தா, உன்னப் பொணமாத் தூக்கிட்டு வர்றாங்கன்னு நெனச்சுக்குவேன். வியாழக்கெழம வியாழக்கெழம உங்க அண்ணனுக்குச் சட்ட மாட்டறப்ப உனக்கு மாட்டற மாதிரியே இருக்கும். ஒண்ணுக்குப் போறதுக்குக் கூச்சப்பட்டு.”

“ஆம்பளைங்க நடுவுல நின்னு பாத்தாத்தான் தெரியும்.”

“கேட்டுப் பாத்தா என்ன? டாக்டரம்மாகிட்ட. என்கிட்ட.”

அவள் அப்போதே போனை எடுத்தாள். சவேலி எழுந்து தடுக்கப் போனார். சட்டென்று எழக் கூடாது என்று நினைவு வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடைவெளியில் பரஸ்கேவா சிஸ்டரிடம் அவள் ரப்பர் உடுப்பு, பட்டை, வார், மித்ரோஃபான் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். மறுமுனையில் சிஸ்டர் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கால் மணியில் திரும்பக் கூப்பிட்டார்.

“காலையிலதான்னு சட்டம் ஒண்ணும் இல்லையாம். வேல முடிஞ்சு கரையேறினதும், ரெண்டு மணிக்கு. ஆனா தெனமும் அதே ரெண்டு மணி. ராத்திரிக்குத் தள்ளாதீங்க, தூக்கம் கெடும். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா விட்டதுதான், மறுநாள் ஒண்ணுதான். குளியல் ஒரு மாசத்துக்கு வேணாம். அப்புறமும் மாத்திர போட்ட கையோட நீராவியில போய் உக்காரக் கூடாது. ஆளு பக்கத்துல இருக்காரா? சொல்லுங்க, இத அன்னைக்கே கேட்டிருந்தா ரெண்டே நிமிஷம்.”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு,” என்றாள் உலியானா.

நாணல் வெட்டு முடிந்தது. காற்றும் ஒரு வழியாக விழுந்தது. கடலிலிருந்து ஆற்றில் மீன் ஏறும் காலம் வந்துவிட்டதால், அரிவாளை எண்ணெய் தடவி வைத்த கையோடு எல்லாரும் வலைக்கு ஓடினார்கள். அதற்கும் அதே ரப்பர் உடுப்புதான். குருத்தோலை ஞாயிறன்று சவேலி மேடையில் நின்று படித்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். முன்பு அப்படிச் செய்ததில்லை. அன்று மீனுக்கு அனுமதி உண்டு. உலியானா உப்பில்லாமல், எலுமிச்சையும் பூண்டும் போட்டுச் சுட்டாள். ஈரச் செருப்பு என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை படகுகள் வரத் தாமதமானது. இரண்டு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது உலியானா மாத்திரையையும் ஒரு குப்பித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். துறைக்கு மேலேதான் லுக்கியானின் முற்றம். தெக்லா அவரை வெயிலில் உட்கார வைத்திருந்தாள். அவள் ஏப்ரன் பையில் இப்போது தீப்பெட்டி இல்லை. அதற்குப் பதிலாக அவளுக்கே ஒரு மாத்திரைப் பெட்டி வந்திருந்தது. பழைய அட்டைகளை அள்ளிப்போன அன்று சிஸ்டர் போகிற போக்கில் அவள் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்ததில் நூத்தி எழுபது காட்டியது.

படகு வளைவில் திரும்பியதும் மித்ரோஃபான் கத்தினான். “சவேலி, உனக்கு நற்கருணை வந்திருக்கு. தொப்பியக் கழட்டு.”

“வாய மூடிட்டுக் கயித்தப் பிடி,” என்றார் சவேலி.

கரையேறி, உடுப்போடு நின்றபடியே கையை நீட்டினார். உலியானா வைத்தாள். அவர் விழுங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு மழைச்சட்டையைக் கழற்றிக்கொண்டே வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். படகில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

உலியானா குப்பியை மூடினாள். மேலே முற்றத்திலிருந்து லுக்கியான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கையைத் தூக்கி, அந்தச் சொல்லைச் சொன்னார்.

“நாளைக்கு.”

தெக்லா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உலியானா திரும்பி நின்றாள்.

“ஆமா அத்தான்,” என்றாள். “நாளைக்கும்.”